‘நிறுவு’ என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து வேலைகள்: பள்ளி இணையதளத்தில் செருகுநிரல் சேர்த்தல்

பள்ளிக்கோ குறுவள மையத்துக்கோ வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓர் இணையதளம் தொடங்கிய ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. “செருகுநிரலை நிறுவிவிட்டேன், பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.” சிலர் வரவில்லையே என்று அதே வேலைக்கு இன்னொன்றையும், பிறகு மூன்றாவதையும் நிறுவிப் பார்ப்பார்கள். தளம் மெதுவாகிறது, ஒன்றோடொன்று முரண்படுகிறது, கடைசியில் வெள்ளைத் திரை மட்டும் மிஞ்சுகிறது. ஆர்வத்தோடு தொடங்கிய தளம் அத்தோடு கைவிடப்படுகிறது. இதற்கு ஆசிரியரின் கணினி அறிவைக் குறை சொல்வது எளிது. ஆனால் குழப்பம் இருப்பது ‘நிறுவு’ என்ற சொல்லில்.

இணையதளத்தின் பக்கங்களையும் படங்களையும் நிரல் எழுதத் தெரியாதவரும் கையாள உதவும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்கிறோம். வேர்ட்பிரஸ், ஜூம்லா, டுரூபல் ஆகியவை அவ்வகை. இணையவழிக் கற்றலுக்கான மூடுல் இவற்றுக்கு உறவுமுறை. இவற்றோடு நமக்குத் தேவையான ஒரு வசதியைத் தனியே சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்தான் செருகுநிரல். வேர்ட்பிரஸும் மூடுலும் இதைப் ‘பிளக்இன்’ என்கின்றன. ஜூம்லாவில் ‘எக்ஸ்டென்ஷன்’, டுரூபலில் ‘மாட்யூல்’, நாம் இணையம் பார்க்கும் பயர்பாக்ஸில் ‘ஆட்-ஆன்’. தமிழிலும் செருகுநிரல், சொருகி, நீட்சி என மூன்று பெயர்கள் உலவுகின்றன. எந்தச் சொல் சிறந்தது என்ற விவாதத்தைக் கலைச்சொல் அறிஞர்களுக்கு விட்டுவிடலாம். பயிற்சித் தாளில் ஒரே சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தினால் போதும். இக்கட்டுரையில் செருகுநிரல்.

ஐந்து வேலைகள் எவை?

வகுப்பறைக்கு ஒரு மின்விசிறி வேண்டும். கடையில் நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். பள்ளிக்குக் கொண்டுவருகிறோம். வகுப்பில் மாட்டுகிறோம். மின் இணைப்புக் கொடுக்கிறோம். வேகத்தைச் சரிசெய்கிறோம். பெட்டியோடு தலைமையாசிரியர் அறையில் இருக்கும் மின்விசிறி பள்ளிக்கு வந்ததுதான். வகுப்பில் காற்று வராது.

செருகுநிரலிலும் இப்படித்தான். ஏறத்தாழ 60,000 செருகுநிரல்கள் கொண்ட வேர்ட்பிரஸ் அடைவிலிருந்து ஒன்றைத் தேர்வது முதல் வேலை. அதன் கோப்புகளை நம் தளத்துக்குள் கொண்டுவருவது இரண்டாவது. திரையில் ‘இன்ஸ்டால் நவ்’ என்று இருப்பது இதைத்தான் செய்கிறது, இதை மட்டுமே செய்கிறது. அதை இயக்குவது மூன்றாவது. அதற்குரிய பொத்தான் ‘ஆக்டிவேட்’. நம் தேவைக்கேற்ப அமைப்பது நான்காவது. வாசகர் பார்க்கும் பக்கத்தில் இடுவது ஐந்தாவது. நாமோ இந்த ஐந்தையும் சேர்த்து ‘நிறுவுவது’ என்று பேசுகிறோம். பொத்தானில் இருக்கும் ‘நிறுவு’ இரண்டாவதை மட்டும் குறிக்கிறது. குழப்பம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

மென்பொருளை உருவாக்கியவர்களுக்கும் இது எளிதாகக் கைவரவில்லை. வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்தது. செருகுநிரல் வசதி 2004இல் வந்தது. அப்போது கோப்பைத் தரவிறக்கி, விரித்து, வேறொரு மென்பொருளின் வழியாகச் சேவையகத்தின் சரியான கோப்புறையில் ஏற்ற வேண்டும். தளத்தின் உள்ளிருந்தபடியே தேடி நிறுவும் வசதி 2008 இறுதியில் வந்த 2.7 பதிப்பில்தான் கிடைத்தது. 2016இல் வந்த 4.6 பதிப்பில், நிறுவும்போது வேறு பக்கத்துக்குத் தாவாமல் அதே இடத்திலேயே பொத்தான் மாறும்படி செய்தார்கள். ஒரு செருகுநிரல் இயங்க வேறொன்று தேவை என்றால் அதை முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு 2024இல், 6.5 பதிப்பில்தான் வந்தது. இருபது ஆண்டுகளாகச் சீர்செய்துகொண்டே வரும் ஒன்றை நாம் ஒரு பிற்பகல் பயிற்சியில் ‘மிகவும் சுலபம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

2016இன் மாற்றம் ஒரு புதிய தடுமாற்றத்தையும் கொண்டுவந்தது என்பது என் கருத்து. ‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தியதும் அதே பொத்தான் சற்றுநேரம் சுழன்று ‘ஆக்டிவேட்’ என்று மாறிவிடுகிறது. இணைய வேகம் குறைந்த இடத்தில், சுழல் நின்றதும் வேலை முடிந்தது என்று எண்ணிப் பலர் திரையை மூடிவிடுகிறார்கள். ‘ஆக்டிவேட்’ அழுத்தியவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இப்போதைய பதிப்புகளில் இயக்கிய பிறகும் அதே பக்கத்திலேயே நிற்கிறோம். பக்கத்தை மறுபடி ஏற்றினால்தான் இடப்பக்கப் பட்டியலில் புதிய தலைப்பு தெரியும். அதைச் சொல்லும் சிறு அறிவிப்பு வரும், யாரும் படிப்பதில்லை.

முதல் பயிற்சி: ஹலோ டாலி

இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. வேர்ட்பிரஸோடு வழக்கமாக உடன் வரும் ‘ஹலோ டாலி’ என்ற செருகுநிரல் இதற்காகவே பிறந்தது போல் இருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ஒரு பாட்டின் பெயரைத் தாங்கிய இது, நிர்வாகத் திரையின் மேல் ஓரத்தில் அந்தப் பாட்டின் ஒரு வரியைக் காட்டும். வேறு எந்தப் பயனும் இல்லை. அதனால்தான் பயிற்சிக்கு உகந்தது.

‘பிளக்இன்ஸ்’ பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். ஹலோ டாலி அங்கே இருக்கிறது, அதாவது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் மேலே வரி தெரியவில்லை. ‘ஆக்டிவேட்’ அழுத்தினால் வரி வருகிறது. ‘டீஆக்டிவேட்’ அழுத்தினால் மறைகிறது. செருகுநிரல் பட்டியலில் அப்படியே இருக்கிறது. மூன்று நிமிடம். ‘இருப்பது வேறு, இயங்குவது வேறு’ என்பதை இதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் அது இல்லாவிட்டால் அடைவில் தேடி நிறுவச் செய்யலாம். இரண்டாவது வேலைக்கும் பயிற்சி ஆயிற்று.

பள்ளியின் உண்மையான தளத்தில் இதைப் பழக வேண்டாம். ‘வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்’ என்ற பெயரில், உலாவியிலேயே தற்காலிகத் தளம் ஒன்று திறக்கும் வசதியை வேர்ட்பிரஸே இலவசமாகத் தருகிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினிகளில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திறந்துகொள்ளலாம். எதைக் கெடுத்தாலும் பக்கத்தை மூடித் திறந்தால் புதிதாக வந்துவிடும்.

பட்டியே இல்லை என்பவர்களுக்கு

“நீங்கள் சொல்லும் ‘பிளக்இன்ஸ்’ பட்டி என் திரையில் இல்லையே” என்பது அடுத்த கேள்வி. இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் பயனர் பொறுப்புகள் பல. நிர்வாகி மட்டுமே செருகுநிரலைச் சேர்க்கலாம். பதிப்பாளர், எழுத்தாளர் பொறுப்பில் நுழைபவர்களுக்கு அந்தப் பட்டியே காட்டப்படாது. அடுத்தது, ‘வேர்ட்பிரஸ் டாட் காம்’ என்ற வணிகச் சேவையின் இலவசக் கணக்கில் தளம் இருக்கலாம். அங்கே நாமாகச் செருகுநிரல் சேர்க்க இயலாது. தனி இடம் வாடகைக்கு எடுத்து நிறுவிக்கொள்ளும் வேர்ட்பிரஸ் வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பயிற்சியில் பாதிப்பேர் ஒரு திரையையும் மீதிப்பேர் வேறொரு திரையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி தொடங்குமுன் இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் அரைமணி நேரம் மிச்சம்.

நான்கு இடங்கள், ஒரு வரைபடம்

ஐந்து வேலைகளையும் ஓர் உண்மையான பாடத்துக்குச் செய்து பார்ப்போம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரைபடம். மாணவர் ஓர் இடத்தின் மேல் சொடுக்கினால் அதைப் பற்றிய குறிப்பு விரிய வேண்டும். இடங்கள் நான்கு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்: 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம். அதே மாவட்டத்தின் காரை: மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள். அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்டசோழபுரம்: முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில், 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அங்கேயே கரைவெட்டி பறவைகள் சரணாலயம்: 2024இல் ராம்சர் ஈரநிலம் ஆனது. அறிவியல், சமூக அறிவியல் இரண்டுக்கும் பொருந்தும்.

இதற்கு ‘ஹெச்5பி’ என்ற இலவசச் செருகுநிரல் பொருத்தமானது. வினாடி வினா, இழுத்துப் பொருத்துதல், படத்தில் புள்ளிகள் எனப் பலவகைச் செயல்பாடுகளை இதில் உருவாக்கலாம். மூடுலிலும் டுரூபலிலும்கூட இது இயங்கும். நான் இதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழப்பத்தின் எல்லா வகைகளும் இந்த ஒன்றிலேயே இருக்கின்றன.

முதலில் தேர்வு. ‘பிளக்இன்ஸ்’ என்பதன் கீழ் புதியது சேர்க்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஹெச்5பி என்று தட்டச்சு செய்தால் பல அட்டைகள் வரும். பெயரில் ஹெச்5பி இருப்பதெல்லாம் நமக்கு வேண்டியதல்ல. அதற்குத் துணையாக வேறு நிறுவனங்கள் செய்தவையும் இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு செய்திகள் இருக்கின்றன: உருவாக்கியவர் பெயர், எத்தனை தளங்களில் இயங்குகிறது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, நம் வேர்ட்பிரஸ் பதிப்போடு ஒத்துப்போகிறதா. நட்சத்திரங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஐந்து பேர் தந்த ஐந்து நட்சத்திரத்தைவிட ஆயிரம் பேர் தந்த நான்கு மேல். புதுப்பித்துப் பல ஆண்டுகள் ஆன ஒன்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பள்ளித் தளத்தில் சேர்க்காதீர்கள்.

‘இன்ஸ்டால் நவ்’, சற்றுக் காத்திருந்து ‘ஆக்டிவேட்’, பிறகு பக்கத்தை மறுபடி ஏற்றுதல். இப்போது இடப்பக்கத்தில் ‘ஹெச்5பி கன்டென்ட்’ என்று ஒரு தலைப்பு வந்திருக்கும். எல்லாச் செருகுநிரல்களும் இப்படித் தனித் தலைப்போடு வருவதில்லை. சில, ‘செட்டிங்ஸ்’ என்பதன் உள்ளே ஒளிந்திருக்கும். சில, ‘டூல்ஸ்’ உள்ளே. வேறு சிலவற்றுக்குச் செருகுநிரல் பட்டியலில் அதன் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். ஹலோ டாலி போன்றவற்றுக்கு அமைப்பதற்கு எதுவுமே இல்லை. ‘காணவில்லை’ என்று முடிவுக்கு வருமுன் இந்த நான்கு இடங்களையும் பார்க்கப் பழக்க வேண்டும்.

ஹெச்5பியில் புதிய உள்ளடக்கம் சேர்க்கச் சென்றதும் பலர் திகைப்பார்கள். முதல்முறை, அதன் மையக் களஞ்சியத்தைப் பயன்படுத்த நம் ஒப்புதலைக் கேட்கும். ஒப்புக்கொண்டால் செயல்பாட்டு வகைகளின் நீண்ட பட்டியல் வரும். ‘இமேஜ் ஹாட்ஸ்பாட்ஸ்’ என்பதைத் தேடினால் அருகே ‘கெட்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் விளக்கத்தோடு மறுபடியும் ஓர் ‘இன்ஸ்டால்’! “ஏற்கெனவே நிறுவினோமே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்பு கொண்டுவந்தது அலமாரி, இப்போது கொண்டுவருவது அதில் வைக்கும் பொருள். ஒரு வகையை ஒருமுறை கொண்டுவந்தால் போதும். அடுத்தமுறை நேராக ‘யூஸ்’ என்றே வரும். இந்த இரண்டாவது ‘இன்ஸ்டால்’ வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லாத பயிற்சித் தாள் முழுமையற்றது.

வரைபடத்தை ஏற்றி, சாத்தனூர் இருக்குமிடத்தில் ஒரு புள்ளி, தலைப்பு, குறிப்பு. இப்படி நான்கு முறை. சேமித்ததும் முன்னோட்டம் அழகாகத் தெரியும். இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிட்டு, மாணவர்களுக்குத் தளத்தின் முகவரியை அனுப்புகிறார்கள். மாணவர்கள் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வேலை பாக்கி. உருவாக்கிய உள்ளடக்கத்துக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறியீட்டு வரியை ஹெச்5பி தரும். அதை நகலெடுத்து, நாம் விரும்பும் பாடப் பக்கத்தில் ஒட்டி, பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு நிர்வாகியாக நுழையாத வேறொரு கைபேசியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

வேலை நடுவில் நின்றால்

கணினியில் உள்ள ஜிப் கோப்பை நேரடியாக ஏற்றும்போது, ‘செல்லத்தக்க செருகுநிரல் எதுவும் இல்லை’ என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், பெரும்பாலும் அது செருகுநிரல் அல்ல, தளத்தின் தோற்றத்தை மாற்றும் ‘தீம்’ கோப்பாக இருக்கும். ‘ஜிப்’புக்குள் இன்னொரு ‘ஜிப்’ இருந்தாலும் இதே செய்திதான். கோப்பின் அளவு மிகுதி என்று வந்தால், அந்த வரம்பை வைத்திருப்பது நம் தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம். அவர்களிடம்தான் கேட்க வேண்டும். முன்பே உள்ள செருகுநிரலின் கோப்பை ஏற்றினால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி ‘மாற்றவா?’ என்று கேட்கும் வசதி 2020இலிருந்து, 5.5 பதிப்பிலிருந்து, இருக்கிறது.

தளமே திறக்காமல் போனால் பதற்றம் வேண்டாம். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, ஒரு செருகுநிரல் தளத்தை முடக்கினால், நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு போகும். அதன் வழியாக நுழைந்து, குற்றவாளியை மட்டும் நிறுத்திவைக்கலாம். ஆனால் அந்த மின்னஞ்சல் யாருடையது? மூன்று ஆண்டுகளுக்கு முன் மாறுதலில் சென்ற ஆசிரியருடையது என்றால், மீட்பு இணைப்பு இப்போது வேறு மாவட்டத்தில் யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டியில் கிடக்கும்.

நிறுத்துவதும் நீக்குவதும் ஒன்றல்ல. நிறுத்தினால் தரவு அப்படியே இருக்கும். நீக்கினால், சில செருகுநிரல்கள் தம்மில் உருவாக்கிய அனைத்தையும் துடைத்துக்கொண்டு போய்விடும். ஓராண்டு சேர்த்த வினாடி வினாக்கள் உட்பட. சந்தேகம் இருந்தால் நிறுத்துங்கள், நீக்காதீர்கள். நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் காப்புப்படி எடுங்கள்.

தேர்வையே எடுத்துவிட்டால்?

இரு மாவட்ட நிர்வாகங்களின் அதிகாரபூர்வத் தளங்களைத் திறந்து பாருங்கள். தேசிய தகவல் மையம் உருவாக்கிய ‘எஸ்3வாஸ்’ என்ற பொதுச் சட்டகத்தில் இயங்குபவை அவை. நாடு முழுவதும் பல மாவட்டத் தளங்கள் ஒரே முகச்சாயலில் இருப்பது அதனால்தான். வடிவமும் உறுப்புகளும் முன்பே ஆயத்தமாக இருக்கின்றன. மாவட்ட அலுவலகம் உள்ளடக்கத்தில் கவனம் செலுத்தினால் போதும். நிறுவும் குழப்பத்துக்கு இது ஒரு தெளிவான தீர்வு: தேர்வை மையத்தில் உள்ளவர்களிடம் விட்டுவிடுவது. பாதுகாப்பும் கூடுதல். ஆனால் சாத்தனூருக்குப் புள்ளி வைக்கும் வரைபடம் வேண்டும் என்று ஓர் ஏழாம் வகுப்பு ஆசிரியர் நினைத்தால் அங்கே உடனே செய்ய முடியாது. வகுப்பறைக்கான தளத்துக்கு அந்தச் சுதந்திரம் தேவை என்றே கருதுகிறேன். இடைப்பட்ட வழியும் இருக்கிறது. ஒன்றிய அளவில் கணினி அறிந்த இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து, சோதித்துப் பார்த்த ஐந்தாறு செருகுநிரல்களின் பெயர்ப்பட்டியலை வட்டார வள மையத்தில் வைத்தால், 60,000இல் தேடும் சுமை மற்றவர்களுக்குக் குறையும்.

தொடர்புப் படிவம் தரும் செருகுநிரல்களை அந்தப் பட்டியலில் சேர்க்குமுன் கூடுதலாக யோசிக்க வேண்டும். மாணவர் பெயரையும் பெற்றோர் கைபேசி எண்ணையும் அவற்றில் சில தளத்திலேயே சேமித்துவைக்கும். 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மேலே செய்த வரைபடத்துக்கு எந்த மாணவரும் பெயர் தரவோ உள்நுழையவோ தேவையில்லை. முடிந்தவரை அத்தகையவற்றையே தேர்வது நல்லது.

பயிற்சித் தாளும் பதிவேடும்

சக ஆசிரியர்களுக்குத் தாள் தயாரிக்கும்போது ‘செருகுநிரலை நிறுவவும்’ என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வரிகள்: என்ன செய்ய வேண்டும், செய்தபின் திரையில் என்ன தெரிய வேண்டும். ‘ஆக்டிவேட் அழுத்துக’ என்பது முதல் வரி, ‘பக்கத்தை மறுபடி ஏற்றினால் இடப்பக்கத்தில் ஹெச்5பி கன்டென்ட் தெரியும், தெரியாவிட்டால் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்’ என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வரிதான் பாதி வழியில் நிற்பவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். திரையில் ஆங்கிலத்தில் இருந்தால் அதே ஆங்கிலச் சொல்லைத் தாளிலும் எழுதுங்கள். பொத்தானில் ‘ஆக்டிவேட்’ என்றும் தாளில் ‘செயல்படுத்து’ என்றும் இருந்தால் வாசிப்பவர் இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே களைத்துவிடுவார். வேர்ட்பிரஸைத் தமிழ் இடைமுகத்திலும் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் தாளும் அதில் உள்ள சொற்களிலேயே இருக்கட்டும். தாளை எழுதி முடித்ததும், தளத்தையே பார்த்திராத ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

பள்ளியில் ஒரு நாற்காலி வாங்கினாலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். செருகுநிரலுக்கும் அப்படி ஒரு பக்கம் ஒதுக்கலாம்: பெயர், சேர்த்த நாள், எதற்காகச் சேர்த்தோம், அதன் அமைப்பு எந்தப் பட்டிக்குள் இருக்கிறது, எந்தப் பக்கங்களில் பயன்படுகிறது, இலவசமா கட்டணமா. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்கும் நாளில் இந்தப் பக்கத்தையும் சரிபார்த்து, ‘எதற்காக’ என்ற பத்திக்கு யாராலும் விடை சொல்ல முடியாத செருகுநிரலை நிறுத்திவைக்கலாம். மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆசிரியர் விடுவிப்புப் பெறும் நாளில், பொருள்களோடு இதுவும் கையொப்பமாகி மாற வேண்டும். அன்றே புதியவருக்கு நிர்வாகிப் பொறுப்பைக் கொடுத்து, தளத்தின் நிர்வாக மின்னஞ்சலைத் தனிநபர் முகவரியிலிருந்து பள்ளியின் முகவரிக்கு மாற்றிவிடுங்கள். ‘செட்டிங்ஸ்’ என்பதன் கீழ் ‘ஜெனரல்’ பக்கத்தில் அது இருக்கிறது. புதிய முகவரிக்கு வரும் உறுதிப்படுத்தும் அஞ்சலைத் திறந்து சொடுக்கும் வரை பழைய முகவரிதான் நீடிக்கும்.